மலடு என்று சந்தைக்கு ஓட்டுவதற்கு முன்

சேர்வராயன் மலை அடிவாரத்தில், குப்பனூர் பக்கமிருந்து ஒரு அம்மா நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரிடம் பதினொரு வெள்ளாடு, நான்கு மேச்சேரி செம்மறி, ஒரு கிடா இருக்கின்றன. பட்டியில் நான்கு உருப்படிகளால் தொல்லை. ஒன்று, மார்கழிக் கடைசியில் இரண்டு குட்டி போட்ட வெள்ளாடு. மறுநாள் வரை நஞ்சுக்கொடி விழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கையை விட்டு இழுத்ததில் பாதிதான் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு தடவை கிடா சேர்த்தும் இருபது நாளில் திரும்பவும் பருவத்துக்கு வந்து கத்துகிறது, வால் அடியில் மோர் திரிந்த மாதிரி வெள்ளையாக ஒழுகுகிறது. இரண்டாவது, ஆடிக் கடைசியில் கிடா சேர்த்த கருப்பு ஆடு. வயிறு நன்றாகப் பெருத்தது. தை பிறந்ததும் ஒரு நாள் காலையில் பார்த்தால் படுத்த இடமெல்லாம் தண்ணீர், ஆனால் குட்டியும் இல்லை கொடியும் இல்லை. மூன்றாவது, சந்தையில் வாங்கிய கொம்பில்லாத ஆடு. வயது ஒன்றேகால் ஆகியும் பருவமே இல்லை, மற்ற ஆடுகள் மேல் ஏறுகிறது. நான்காவது, மூன்று வாரத்துக்கு முன் நாலாம் மாதத்தில் குட்டி வீசிய செம்மறி. "பட்டிக்கே தோஷம், நாலையும் சனிக்கிழமை சந்தைக்கு ஓட்டிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். கருப்பைக்கு ஏதாவது மருந்து இருந்தால் சொல்லுங்கள் டாக்டர்" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, வணக்கம்.

நீங்கள் கேட்டது ஆடுகளைப் பற்றி. நான் முதலில் உங்கள் மருமகளைப் பற்றிப் பேசுகிறேன். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: செம்மறி வீசிய குட்டியையும் கொடியையும் மாசமாக இருக்கும் மருமகள்தான் கையால் எடுத்துப் புதைத்தாள் என்று. அந்த வரியைப் படித்ததும் மற்றதெல்லாம் எனக்குப் பின்னால் போய்விட்டது.

ஆடு நாள் ஆகாமல் குட்டி வீசுவதற்குக் காரணமான கிருமிகள் பல. புருசெல்லா, கிளமிடியா, டாக்ஸோபிளாஸ்மா, கியூ காய்ச்சல் கிருமி, லிஸ்டீரியா எல்லாம் அந்த வரிசையில் வரும். இவை ஐந்துமே மனிதருக்கும் தொற்றும். வீசிய குட்டியிலும் கொடியிலும் அந்தத் தண்ணீரிலும்தான் கிருமி மிக அதிகமாக இருக்கும். கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்கே ஆபத்தாகலாம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, தொட்டவர்கள் எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதும் இல்லை. ஆனால் நாளைக் காலையிலேயே அவளை அழைத்துக்கொண்டு பிரசவத்துக்குப் பார்க்கும் டாக்டரிடம் போங்கள். "மூன்று வாரத்துக்கு முன் ஆடு வீசிய குட்டியை வெறும் கையால் எடுத்தேன்" என்று அவளே வாய் திறந்து சொல்லட்டும். சாயங்காலம் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டு வலி, அசதி இருந்தால் அதையும் சொல்லட்டும். இந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் எந்த டாக்டருக்கும் அந்தத் திசையில் யோசனை போகாது. பிள்ளை பிறக்கும் வரை அவள் பட்டிக்குள் போகவே வேண்டாம். குட்டி ஈனும் இடத்தைக் கூட்டுவது, கொடியை எடுத்துப் போடுவது, உங்கள் வேலைத் துணியைத் துவைப்பது எதுவும் அவளுக்கு வேண்டாம்.

ஆட்டுப்பால் காய்ச்சாமல் குடிக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். மால்டா தீவில் படைவீரர்களை வாட்டிய காய்ச்சலுக்கு டேவிட் புரூஸ் 1887-இல் கிருமியைக் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய இன்னும் பதினெட்டு வருடம் ஆனது. 1905-இல் தெமிஸ்டோக்ளிஸ் சாமிட் என்ற அந்த ஊர் மருத்துவர், பார்க்க நன்றாக இருந்த ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தபோதுதான் புலப்பட்டது. நோயே தெரியாத ஆட்டின் பாலில் கிருமி இருந்தது. வீரர்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தியதும் காய்ச்சல் குறைந்துபோனது. அந்தக் கிருமிதான் புருசெல்லா. நம் ஊரில் கன்று வீச்சு நோய் என்று சொல்லும் நோய்க்கும் அதுவே காரணம். மாட்டில் வருவது அதன் ஒரு வகை, ஆட்டில் வருவது இன்னொரு வகை. பொங்கிவர நன்றாகக் காய்ச்சினால் பாலில் அந்தக் கிருமி இருக்காது.

சரி, இப்போது அந்தச் செம்மறிக்கு வருவோம். அதை மற்ற ஆடுகளிலிருந்து பிரித்துத் தனியாகக் கட்டுங்கள். தீனித் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் அதற்கு வேறாக இருக்கட்டும். அது வீசிய இடத்து மண்ணை மேலாக வழித்து, குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். அந்தக் கூளத்தை எரித்துவிடலாம். ஈரமும் நிழலும் இருக்கும் இடத்தில் புருசெல்லா மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், நல்ல வெயில் படும் இடத்தில் சீக்கிரம் செத்துவிடும். அதனால் பட்டிக் கூரையின் அந்த மூலையைத் திறந்து நாலு நாள் வெயில் விழச் செய்யுங்கள். புதைத்த இடத்தை நாய் தோண்டியிருக்கிறதா என்றும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

இரத்தப் பரிசோதனைக்கு இது சரியான நேரம். வீசிய அன்றைக்கே எடுத்தால் சில சமயம் ஒன்றும் காட்டாது, மூன்று வாரம் போனால் தெளிவாகத் தெரியும். உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் சொன்னால் இரத்தம் எடுத்து மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புவார். ரோஸ் பெங்கால் என்று ஒரு சோதனை. இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரான சீரத்தில் ஒரு சொட்டோடு ஒரு சொட்டு ரோஜா நிறக் கரைசலைக் கலந்தால், நோய் இருக்கும் இரத்தம் கண் முன்னாலேயே திரிந்து துகள் துகளாகும். சில நிமிட வேலைதான். செம்மறிக்கு மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள், எல்லாத் தாய் ஆட்டுக்கும், முக்கியமாகக் கிடாவுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு தெரியும் வரை கிடாவை எந்த ஆட்டோடும் சேர்க்க வேண்டாம். இனி எப்போதாவது ஒரு ஆடு வீசினால் குட்டியையும் கொடியையும் உடனே புதைத்துவிட வேண்டாம். கையுறை போட்டு இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க இரத்தத்தைவிட அதுதான் நல்ல சாட்சி. தீவன மூட்டை மேல் பூனை படுக்கிறதா என்றும் பாருங்கள். டாக்ஸோபிளாஸ்மா பூனைக் கழிவிலிருந்துதான் தீவனத்துக்கு வருகிறது.

சனிக்கிழமை சந்தை என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னது இந்தச் செம்மறி விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை. கொங்கணாபுரம் சந்தையிலோ வீரகனூர் சந்தையிலோ வாங்குபவர்களில் பலர் வளர்ப்புக்குத்தான் வாங்குகிறார்கள். குட்டி வீசிய ஆடு வெளியே பார்க்க வாட்டசாட்டமாகத்தான் இருக்கும். உங்களைப் போலவே பத்து ஆட்டை நம்பிப் பிழைக்கும் இன்னொரு அம்மா அதைப் பிடித்துக்கொண்டு போவார். அவர் வீட்டிலும் ஒரு மருமகள் இருக்கலாம். இரத்த முடிவு வராமல் அது பட்டியை விட்டு வெளியே போகக் கூடாது. முடிவு வந்து நோய் என்று தெரிந்தால் அதற்கு வைத்தியம் பார்த்துப் பட்டியில் வைத்திருக்க வழி கிடையாது. என்ன செய்வது என்று துறை மருத்துவர் சொல்வார், அதன்படி செய்யுங்கள். நஷ்டம்தான், மனசு கேட்காதுதான்.

இனி உங்கள் முதல் ஆடு, கொடி இழுக்கப்பட்ட ஆடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். நான் பார்த்த கருப்பைக் கோளாறுகளில் பெரும்பாலானவை குட்டி ஈன்ற அன்றைக்கு நம் கையால் ஆரம்பித்தவை.

ஆட்டுக் கருப்பையின் உட்சுவரில் பொத்தான் பொத்தானாக, ஏறக்குறைய நூறு முடிச்சுகள் இருக்கும். ஒவ்வொரு முடிச்சிலும் கொடியின் நுனி, சட்டைப் பொத்தான் காஜாவுக்குள் மாட்டிய மாதிரி, மாட்டிக்கொண்டிருக்கும். ஈன்ற பிறகு அந்தப் பிடி தானாகத் தளர்ந்து கொடி கழன்று விழ வேண்டும். பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் தங்கிவிட்டது என்று கணக்கு. தளராத பொத்தானை இழுத்தால் துணி கிழிகிற மாதிரி சுவர் கிழியும், இரத்தம் கசியும், பாதிக் கொடி உள்ளேயே நின்றுவிடும். கையோடு போன அழுக்குக்கு அதைவிட நல்ல விளைநிலம் கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓமலூர் பக்கம் ஒரு மேச்சேரி ஆட்டுக்கு இதையே செய்திருக்கிறேன். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார், நானும் இழுத்து முழுதாக எடுத்துவிட்டேன் என்று நிம்மதியாகக் கிளம்பினேன். பத்தாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஆடு நாலு காலையும் மரக்குதிரை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. காது இரண்டும் நிமிர்ந்து அசையாமல் இருந்தன. வாயைத் திறக்க முடியவில்லை. உள்ளே போட்ட பசும்புல் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அப்படியே இருந்தது. கருப்பைப் புண் வழியாக ஏறிய இரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். காப்பாற்ற முடியவில்லை. இரண்டு குட்டிகள் அதன் காம்பைத் தேடிக்கொண்டு சுற்றிவந்ததை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு தங்கிய கொடியை நான் இழுத்ததில்லை.

உங்கள் ஆடு உயிர் தப்பியது நல்ல நேரம். இப்போது அதற்கு இருப்பது கருப்பை உட்சுவரில் பழகிப்போன அழற்சி என்றுதான் தோன்றுகிறது. பருவம் ஒழுங்காக இருபது நாளுக்கு ஒருமுறை வருகிறது என்றால் சினைப்பை வேலை செய்கிறது, நல்ல அறிகுறி. விந்து சேர்ந்தாலும் சீழ் இருக்கும் இடத்தில் கரு தங்காது, அவ்வளவுதான் சிக்கல். ஆகவே இது மலடு ஆகவில்லை. மருத்துவர் முதலில் ஸ்கேன் செய்து சினை இல்லை என்பதை உறுதி செய்வார். அப்புறம் ஒழுக்கிலிருந்து கொஞ்சம் எடுத்து, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சோதனைக்கு அனுப்பி, அதற்கேற்ற ஆன்டிபயாடிக் ஊசி போடுவார். கருப்பையைச் சுருக்கி அழுக்கை வெளியே தள்ள, புரோஸ்டாகிளாண்டின் ஊசியும் போடக்கூடும். அடுத்து வரும் இரண்டு பருவத்துக்கும் கிடா சேர்க்காமல் விடுங்கள். பருவ சமயத்தில் கருப்பை வாய் திறந்து, தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். மூன்றாம் பருவத்தில் ஒழுக்கு கண்ணாடி மாதிரித் தெளிவாக, சளி போல நூல் விட்டால் கிடா சேர்க்கலாம். ஊசி போட்ட நாட்களில் எத்தனை நாள் பாலை எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த புரோஸ்டாகிளாண்டின் மருந்துக் குப்பியை உங்கள் மருமகளோ, ஆஸ்துமா உள்ளவர்களோ தொடவே கூடாது. தோல் வழியாகவே உள்ளே போகும், கர்ப்பத்தைக் கலைக்கும். சினையாக இருக்கும் ஆட்டுக்குத் தவறிப் போட்டாலும் அப்படித்தான். மருந்துக் கடையில் வாங்கி நாமே போட்டுக்கொள்ளும் ஊசி இல்லை இது.

வேப்பிலைத் தண்ணீர், உப்புத் தண்ணீர், பர்மாங்கனேட் கரைசல் என்று பீய்ச்சுகுழாயில் உள்ளே அடிக்கும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. வேண்டாம் அம்மா. மாட்டுக்கு மருத்துவர் குழாய் விட்டுக் கழுவுவதைப் பார்த்துச் செய்கிறார்கள். ஆட்டின் கருப்பை வாய் மடிப்பு மடிப்பாக, விரல் நீளத்துக்கு முறுக்கிக்கொண்டு இருக்கும். பருவம் இல்லாத நாளில் மெல்லிய குழாய்கூடப் போகாது. நீங்கள் ஊற்றுவது வாசலிலேயே நின்று புண்ணாக்கும்.

அடுத்த முறை கொடி தங்கினால் என்ன செய்வது? தொங்கும் கொடியில் கல்லைக் கட்டாதீர்கள், ஓட்ட வெட்டவும் வேண்டாம். தரையில் புரளாதபடி பின்னங்கால் முட்டிக்கு மேலே முடிச்சுப் போட்டுவிட்டு, சுத்தமான தண்ணீரால் பின்புறத்தைக் கழுவி ஈ மொய்க்காமல் பாருங்கள். 1962-க்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். ஈன்ற முதல் நாளுக்குள் என்றால் ஆக்சிடோசின் ஊசி நன்றாக வேலை செய்யும், தாமதமானால் அதன் பலன் குறையும். ஆகவே நேரத்தைக் குறித்து வைப்பது முக்கியம். காய்ச்சலும் பாருங்கள். மருந்துக் கடைத் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்தால் 104 டிகிரிக்கு மேல் போனாலோ, ஒழுக்கில் அழுகல் வாடை வந்தாலோ, ஆடு தீனியை விட்டு குட்டியைச் சேர்க்காமல் நின்றாலோ அன்றைக்கே ஊசி போட்டாக வேண்டும். ஈன்றபின் இரண்டு மூன்று வாரம் வரை செம்பழுப்பாக, வாடையில்லாமல் ஒழுகுவது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

உங்கள் கருப்பு ஆட்டுக்கு வந்தது பொய்ச்சினை. தோஷமும் இல்லை, செய்வினையும் இல்லை. சினைப்பையில் ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் மஞ்சள் நிறமாக ஒரு திட்டு உண்டாகும். அதுதான் கருவைக் காக்கும் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. சினை இல்லாவிட்டால் அது இரண்டரை வாரத்தில் கரைந்து மறுபடி பருவம் வர வேண்டும். சில வெள்ளாடுகளில் கரைவதில்லை. உடம்பு தன்னைச் சினை என்றே நம்பிக்கொண்டிருக்கும், கருப்பையில் தெளிந்த தண்ணீர் ஊறிக்கொண்டே போகும், வயிறு பெருக்கும், மடிகூடக் கொஞ்சம் இறங்கும். அந்தத் திட்டு கரைகிற அன்று எல்லாத் தண்ணீரும் ஒரேயடியாகக் கொட்டிவிடும். நீங்கள் பார்த்தது அதைத்தான். செம்மறியில் இது அபூர்வம், வெள்ளாட்டில்தான் அதிகம்.

போன வருடம் இதே போல ஒரு சேலம் கருப்பு ஆட்டை என்னிடம் கொண்டுவந்தார்கள். ஐந்து மாதச் சினை, குட்டி அசைவு தெரியவில்லை என்றார்கள். ஸ்கேன் கருவியை மடிக்குப் பக்கத்தில் ரோமத்தை ஒதுக்கி வைத்ததும் திரை முழுக்கக் கருப்பு, ஆழ்கிணற்றை எட்டிப் பார்ப்பது போல. நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், கொடியில் காயும் ஈரத்துணி மாதிரி ஆடின. குட்டி இருந்தால் நெஞ்சுத் துடிப்பு மினுக்கும், பொத்தான்கள் வளையல் துண்டுகளாகத் தெரியும். இரண்டும் இல்லை. ஒரு ஊசி போட்டோம், பன்னிரண்டு நாள் கழித்து இன்னொன்று. அடுத்த கிடாவுக்கே சினை பிடித்தது. உங்கள் ஆட்டுக்குத் தண்ணீர் தானாகவே இறங்கிவிட்டதால் பாதி வைத்தியம் முடிந்த கணக்கு. ஒரு தடவை ஸ்கேன் பார்த்து மிச்சம் இல்லை என்றால், கிடாவின் இரத்த முடிவு நல்லபடியாக வந்தபின் அடுத்த பருவத்தில் சேர்க்கலாம். மறுபடியும் வர வாய்ப்பு உண்டு என்பதால், சேர்த்த முப்பத்தைந்து நாற்பதாம் நாளில் ஸ்கேன் செய்துவிடுங்கள். பருவம் திரும்பவில்லை என்பதை மட்டும் வைத்துச் சினை என்று ஐந்து மாதம் காத்திருந்ததில்தான் உங்களுக்கு ஒரு ஈற்றே போய்விட்டது.

மூன்றாவது ஆட்டுக்கு நான் நல்ல செய்தி சொல்ல முடியாது. கொம்பில்லாமல் பிறந்த மொட்டை ஆடு, பருவம் இல்லை, மற்றதன் மேல் ஏறுகிறது, கிடா வாடை அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வாலைத் தூக்கிப் பிறப்புறுப்பின் கீழ் நுனியைப் பாருங்கள், கடலைப் பருப்பு அளவுக்கு வீங்கித் துருத்திக்கொண்டிருந்தால் அது பெட்டையும் கிடாவும் கலந்த பிறவி. வெள்ளாட்டில் கொம்பில்லாத் தன்மையும் இந்தக் கோளாறும் பிறப்பிலேயே பிணைந்தவை. மொட்டைத் தாய்க்கு மொட்டைக் கிடாவைச் சேர்த்தால் பிறக்கும் பெட்டைக் குட்டிகளில் சில இப்படி ஆகும். சேலம் கருப்பில் ஆண் பெண் இரண்டுக்குமே கொம்பு உண்டு, ஆகவே உங்களுக்கு வந்தது ஏதோ கலப்பு. இதற்கு ஊசியோ மருந்தோ கிடையாது, யாராவது தருகிறேன் என்றால் பணம் கொடுக்காதீர்கள். இரத்தப் பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தால் தீனி போட்டுத் தேற்றி, கறிக்கு என்று சொல்லியே விற்றுவிடலாம். மொட்டை ஆடு எல்லாமே இப்படி என்று நினைத்து நல்லதையும் கழித்துவிட வேண்டாம். ஒழுங்காக ஈனும் மொட்டைத் தாயை வைத்துக்கொள்ளலாம், கொம்புள்ள கிடாவை மட்டும் சேர்த்தால் போதும்.

கிடா சொந்தப் பட்டியில் பிறந்தவன் என்று எழுதியிருக்கிறீர்கள். சோதனையில் அவன் தேறினாலும், இந்த வருடத்தோடு மாற்றுங்கள், தன் தாயையும் தங்கைகளையும் அவன் சேர்ந்துகொண்டிருப்பான். புதியவனைச் சந்தையில் பிடிக்காமல், குட்டி வீச்சு இல்லாத பட்டி என்று விசாரித்துத் தெரிந்த இடத்தில் வாங்குங்கள். செம்மறிகளுக்கு மேச்சேரிக் கிடா வேண்டுமானால் பொட்டனேரி ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். கிடா சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலிருந்து தாய் ஆட்டுக்குத் தலைக்கு இருநூறு, இருநூற்றைம்பது கிராம் அடர்தீவனமும் தாது உப்பும் கொடுங்கள். இடுப்பு முதுகெலும்பைத் தடவினால் சீப்புப் பல் மாதிரி குத்தினால் அந்த ஆடு இன்னும் தேறவில்லை என்று அர்த்தம். சவுண்டல் தழை வெட்டிப் போடுகிறீர்களே, மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதில் இருக்கும் மைமோசின் அளவு மீறினால் மயிர் உதிரும், சினையும் பிடிக்காது.

ஸ்கேனுக்கு உங்கள் பகுதி மருத்துவமனையில் வசதி இல்லை என்றால் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போகலாம். போகும்போது ஒரு நோட்டில் ஒவ்வொரு ஆட்டுக்கும் ஈன்ற தேதி, கொடி விழுந்த நேரம், பருவம் வந்த தேதி, கிடா சேர்த்த தேதி நான்கையும் எழுதி எடுத்துப் போங்கள். உங்கள் கடிதத்தில் ஆடி, மார்கழி, தை என்று நீங்கள் மாதம் குறிப்பிட்டிருந்ததால்தான் என்னால் இவ்வளவும் எழுத முடிந்தது.

முதலில் மருமகள், அப்புறம் செம்மறியின் இரத்தம். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதுவரை கிடாவைக் கட்டியே வையுங்கள்.